நாலு மணி நேர வெயில்

பிப்ரவரி 3

அன்புத் தம்பிக்கு,

இங்கே நான் நலம். நீ நலமா என்று கேட்பதைவிட, உன்னிடம் மாட்டியவர்கள் நலமா என்று கேட்பதுதான் முறை. கை சும்மா இருக்கிறதா?

இந்தப் பெட்டியில் பன்னிரண்டு காலிக் குப்பிகளும் நீ நிரப்ப வேண்டிய புதுப் பாரங்களும் வைத்திருக்கிறேன். போன தடவை பாரத்தில் நேரம் என்ற இடத்தில் "காலை" என்று எழுதியிருந்தாய். எந்தக் காலை, சூரியன் உதித்த காலையா, நீ எழுந்த காலையா? எனக்கு மணியும் நிமிடமும் வேண்டும். நீ முழுகி அறுத்த கடற்பஞ்சோடு தண்ணீரை விட்டு மேலே வந்த நிமிடம், அதை ஐஸில் வைத்த நிமிடம், இரண்டும். நடுவில் பத்து நிமிடத்தைத் தாண்டவே கூடாது. பையின் வாயில் கட்டியிருக்கும் பொத்தான் அளவுக் கருவி நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பத்தைப் பதிந்துகொள்ளும். அதனால் என்னை ஏமாற்றலாம் என்று நினைக்காதே.

"பஞ்சுக்குள்ள அப்படி என்ன இருக்குன்னு உங்க அக்கா மாசா மாசம் கேக்குறாங்க?" என்று உன் படகின் எஞ்சின் அண்ணன் விசாரித்ததாக எழுதியிருந்தாயே, அவருக்குச் சொல். கடற்பஞ்சு ஒரு பிராணி. நகராது, கத்தாது, நாள் முழுக்கக் கடல் தண்ணீரை இழுத்து வடிகட்டிக்கொண்டு கிடக்கும். அதன் உடம்புக்குள் கோடிக்கணக்கில் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. அவற்றைக் கொல்ல அதைவிடப் பெரிய கூட்டமாக வைரஸ்கள். ஒரு வைரஸ் பாக்டீரியாவின் தோலில் இறங்கும். ஓட்டை போட்டுத் தன்னை உள்ளே செலுத்தும். உள்ளே இருப்பதையெல்லாம் தின்று தன் பிள்ளைகளாக்கும். அரைமணி நேரத்தில் பாக்டீரியா வயிறு கிழிந்து சாகும், நூறு பிள்ளைகள் அடுத்த ஆளைத் தேடிப் போகும். பஞ்சுக்குள் இது ஒரு விநாடி கூட நிற்பதில்லை. வெளியிலிருந்து பார்த்தால் பரம சாது. நம் அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருப்பது போலத்தான்.

அந்தப் பிணங்களை எண்ணுவதுதான் என் வேலை. நேரத்துக்குச் சாப்பிடு. எஞ்சின் அண்ணனை விசாரித்ததாகச் சொல்.

உன் அக்கா

—

பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சௌக்கியம். உன் முதுகுவலி தேவலையா? குனிந்து குனிந்து எண்ணினால் வலிக்காமல் என்ன செய்யும்?

பெட்டி அனுப்பியிருக்கிறேன். மணி, நிமிடம் எல்லாம் எழுதியாயிற்று. ஐஸ் மட்டும் இந்த முறை என் ரத்தம் சிந்தி வாங்கியது. சரி, அவன் ரத்தம். ஐஸ் கிடங்குக்காரன் பாதி உருகியதை மூட்டையில் கொட்டிக் கொடுத்தான். "இது ஐஸா, ஐஸோட கண்ணீரா?" என்று மரியாதையாகத்தான் கேட்டேன். "வேணும்னா எடு, இல்லாட்டி நடையைக் கட்டு" என்றான். நடையைக் கட்டுகிற ஆளா நான்? முதல் குத்து மூக்கில். மூக்கு உடைகிற சத்தம் கேட்டிருக்கிறாயா அக்கா, காய்ந்த மிளாறு முறிவது மாதிரி ஒரு சின்னச் சத்தம். ஐஸ் உடைக்கும் கட்டையை எடுத்துக்கொண்டு வந்தான். அதைப் பிடுங்கி முழங்காலில் ஒன்று போட்டேன். ஆள் ஐஸ் மேலேயே சரிந்தான். வெள்ளை ஐஸில் சிவப்பு இறங்குவதைப் பார்க்க வேண்டும் நீ. மூன்றாவதுக்குக் கை ஓங்கும்போது பின்னாலிருந்து ஒரு பிடி. எஞ்சின் அண்ணன்தான்.

"போதும்டா, விடு. ஆளு போயிடுவான்."

அவர் பிடித்தால் மட்டும் எனக்குக் கை தானாக இறங்கிவிடும், ஏனென்று தெரியவில்லை. அந்த மனிதர் இந்த வயது வரை யாரையும் ஒரு தட்டு தட்டியதில்லை. கொசுவைக்கூட ஊதித்தான் அனுப்புவார். இருபது வருஷமாகப் படகில் இருக்கிறார், இன்னும் அலை கொஞ்சம் ஏறினால் வாந்தி. தன் ஸ்பானர் ஒவ்வொன்றுக்கும் சிவப்பு பெயின்ட் அடித்து, பிள்ளை மாதிரி துடைத்து வைக்கிறார். அவருக்கு இருக்கிற பொறுமையில் கால்வாசி எனக்கு வேண்டாம், வேலை நடக்காது.

இப்படிக்கு, உன் தம்பி

—

மார்ச் 6

அன்புத் தம்பிக்கு,

முதுகு பரவாயில்லை. ஒரு மனிதனை அடித்ததை நாலு பக்கத்துக்கு ரசித்து எழுதுகிறாய். அதைவிட மோசம், நான் அதை இரண்டு தடவை படித்தேன். ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள்தானே.

அந்த ஐஸ்காரன் மூக்குக்கு மருந்து வாங்கிக் கொடு. விளையாட்டில்லை.

இந்த வாரம் நான் கண்டதைச் சொல்கிறேன். வைரஸ்களில் இன்னொரு வகை இருக்கிறது. அது உடனே கொல்லாது. பாக்டீரியாவுக்குள் நுழைந்து, அதன் மரபுச் சுருளோடு தன்னையும் சேர்த்துத் தைத்துக்கொண்டு பேசாமல் கிடக்கும். பாக்டீரியா இரண்டானால் அதுவும் இரண்டாகும். பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் எல்லோருக்குள்ளும் அது இருக்கும், யாருக்கும் தெரியாது. வெயிலோ பட்டினியோ பட்டால் விழித்துக்கொள்ளும். அப்போது எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் கிழித்துக்கொண்டு வரும். உன்னைப் பற்றி எழுதவில்லை, அறிவியல் எழுதுகிறேன்.

இன்னொன்றையும் கவனி. ஒவ்வொரு பஞ்சுக்கும் அதன் வைரஸ் கூட்டம் தனி. ஒட்டி ஒட்டி இரண்டு பஞ்சு இருந்தாலும் கூட்டம் வேறு. பட்டியலைப் பார்த்தாலே எந்தப் பஞ்சு என்று சொல்லிவிடுவேன். அதனால் குப்பிகளை மாற்றி வைக்காதே. முதல் முழுக்கில் எடுத்தது ஆறு குப்பி, இரண்டாவது முழுக்கில் வேறு பாறையில் எடுத்தது ஆறு குப்பி.

அடுத்த பெட்டி வருவதற்குள் யாரையும் தொடமாட்டேன் என்று எனக்கு எழுதிக் கொடு.

உன் அக்கா

—

மார்ச் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். வைரஸ் பக்கத்தை எஞ்சின் அண்ணன்தான் படித்தார், எனக்குக் கொட்டாவி வந்தது. அவர் மட்டும் "அடேங்கப்பா, அடேங்கப்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

எழுதிக் கொடுக்கச் சொன்னாய். ஒரு வாரம் முந்திச் சொல்லியிருந்தால் கொடுத்திருப்பேன்.

நம் பாறைப் பக்கம் வெடி போட்டு மீன் பிடிக்கிற ஒருத்தன் வருகிறான். தனியாளாக ஒரு படகில் வருவான், பாட்டிலில் திரி வைத்துப் போடுவான், மிதக்கிற மீனை அள்ளிக்கொண்டு போவான். போன வாரம் கீழே இறங்கிப் பார்த்தேன். நாற்பது வருஷப் பஞ்சு, ஆள் உயரம், தூள் தூளாகக் கிடக்கிறது. மீன்கள் முதுகெலும்பு உடைந்து வட்டமாகச் சுற்றுகின்றன. கண் வெளியே வந்திருக்கிறது. எனக்குத் தண்ணீருக்குள்ளேயே தலை கொதித்தது.

கரையில் அவனைப் பிடித்தேன். "நான் கீழ இருக்கும்போது போட்டா என்னடா ஆவேன்?" என்றேன். "மீனோட சேர்ந்து மிதப்பே" என்று சிரித்தான். சிரித்த வாயிலேயே கொடுத்தேன். இரண்டு பல் என் விரல் முட்டியில் ஏறிவிட்டது, இன்னும் சீழ் வைக்கிறது. அவன் நங்கூரக் கயிற்றை என் கழுத்தில் சுற்றி இழுத்தான். நல்ல பலசாலி, அதை மறைக்கக் கூடாது. உலகம் இருட்டும் நேரத்தில் அவன் காதைக் கடித்தேன். எஞ்சின் அண்ணன் நடுவில் விழுந்து இருவரிடமும் உதை வாங்கிப் பிரித்துவிட்டார். அவர் உதடு வீங்கி மூன்று நாள் கஞ்சி குடித்தார். எனக்கு அதுதான் வருத்தம்.

"கீழ வா, பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

இப்படிக்கு, உன் தம்பி

—

ஏப்ரல் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பெட்டி அனுப்பியுள்ளேன். பன்னிரண்டு குப்பி. முதல் முழுக்கு மேலே வந்தது 10.40, ஐஸில் 10.50. இரண்டாம் முழுக்கு 11.15 முதல் 12 வரை. எல்லாம் பாரத்தில் இருக்கிறது. பொத்தான் கருவி முடிச்சு அவிழ்ந்து கடலில் போய்விட்டது, வேறு அனுப்பு. எல்லோரும் சௌக்கியம்.

உன் தம்பி

—

ஏப்ரல் 29

அன்புத் தம்பிக்கு,

நீ நலமா? எனக்குத் தூக்கமே வரவில்லை, சந்தோஷத்தில். முதலில் அதைக் கேள்.

உன் பெட்டியைத் திறந்து முதல் குப்பியை நுண்ணோக்கியில் வைத்தேன். நம்பமாட்டாய், கசாப்புக் கடை. பாக்டீரியா என்று முழுசாக ஒன்றுகூட இல்லை. தோல் தோலாகக் கிடக்கிறது. வைரஸ் எண்ணிக்கை வழக்கத்தைப் போல எழுபது மடங்கு. ஒளிந்து கிடந்தது அத்தனையும் விழித்து ஒரே வீச்சில் கொன்றிருக்கிறது. கடலுக்குள், அமைதியான பாறையில், இப்படி ஒரு படுகொலை நடந்ததை யாரும் பார்த்ததில்லை. எங்கள் ஆய்வுக்கூடத் தலைவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "இதை எழுதுங்க, உங்க வேலை நிரந்தரம்" என்கிறார். ஆறு வருஷமாக ஒப்பந்தத்தில் இழுத்தடிக்கப்படுகிறவளுக்கு இது என்ன வார்த்தை என்று உனக்குத் தெரியும்.

பாரத்தை நான்கு முறை பார்த்துவிட்டேன். பத்தே நிமிடத்தில் ஐஸில் வைத்திருக்கிறாய். கெட்டிக்காரன்.

அது சரி, என்ன அன்று இத்தனை சின்னக் கடிதம்? ஒருத்தனை அறைந்தால் நாலு பக்கம் எழுதுகிறவன் நீ. எஞ்சின் அண்ணனைப் பற்றிக்கூட ஒரு வரி இல்லை. சீழ் ஆறிற்றா?

உன் அக்கா

—

மே 14

அன்புள்ள அக்காவுக்கு,

முட்டி ஆறிவிட்டது. இடது காதில் தண்ணீர் ஏறிச் சரியாகக் கேட்பதில்லை, மற்றபடி நலம். உனக்கு வேலை நிரந்தரமாவது பற்றி மகிழ்ச்சி.

இங்கே ஒரு சங்கடம். அந்த வெடிக்காரனை அவன் படகிலேயே மண்டை உடைந்து செத்துக் கிடக்கக் கண்டெடுத்தார்கள். உன் பெட்டி அனுப்பின அன்றுதான், பதினொன்றே காலுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் அடி விழுந்திருக்கிறதாம். பக்கத்தில் சிவப்பு பெயின்ட் அடித்த ஸ்பானர் கிடந்ததாம். எஞ்சின் அண்ணனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அன்று படகில் நாங்கள் இருவர்தான். நான் இரண்டாம் முழுக்கில் தண்ணீருக்குள் இருந்தேன், மேலே என்ன நடந்தது என்று தெரியாது என்று சொல்லியிருக்கிறேன்.

விசாரணை அதிகாரி அதற்கு ஆதாரம் கேட்கிறார். என் பாரத்தின் நகலில் உங்கள் ஆய்வுக்கூட முத்திரை போட்டு, சரிபார்த்தோம் என்று ஒரு வரி எழுதி அவருக்கு அனுப்பு. விலாசம் பின்னால் எழுதியிருக்கிறேன். சீக்கிரம் அனுப்பு.

உன் தம்பி

—

மே 30

தம்பிக்கு,

உன் காதுக்கு மருத்துவரைப் பார். அதைத் தண்ணீர் ஏறின காது என்று நான் நம்பவில்லை.

முத்திரை போட பாரத்தை எடுத்தேன். போடுவதற்கு முன்னால் சரிபார்க்க வேண்டுமே, அது என் பிழைப்பு. இங்கே தொட்டியில் அதே வகைப் பஞ்சு உயிரோடு இருக்கிறது. அதை வெட்டிப் பையில் போட்டு மொட்டை மாடி வெயிலில் வைத்தேன். அரை மணிக்கு ஒரு துண்டு எடுத்து எண்ணினேன். ஒரு மணி நேரத்தில் கொஞ்சம் செத்தன. இரண்டில் பாதி. நாலு மணி நேரத்தில் உன் குப்பியில் கண்ட அதே கசாப்பு, அதே எண்ணிக்கை. கடலுக்குள் எந்தப் படுகொலையும் நடக்கவில்லை. உன் பை நாலு மணி நேரம் வெயிலில் கிடந்திருக்கிறது.

பிறகு இரண்டாம் முழுக்கின் ஆறு குப்பிகள். அந்த வைரஸ் பட்டியலும் முதல் ஆறின் பட்டியலும் ஒன்றே. ஒரு வரி வித்தியாசம் இல்லை. ஒரே பஞ்சை இரண்டாக வெட்டி இரண்டு பாறை என்று எழுதியிருக்கிறாய். இரண்டாம் முழுக்கு என்று ஒன்று நடக்கவே இல்லை. பதினொன்றே காலுக்கு நீ தண்ணீருக்குள் இல்லை. நான் மார்ச் மாதம் எழுதியதைக் கொட்டாவி விடாமல் படித்திருந்தால் இந்தத் தப்பைச் செய்திருக்கமாட்டாய்.

இது எனக்கு மே 22 அன்றே தெரிந்துவிட்டது. எட்டு நாளாக எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தேன். முத்திரை போடமாட்டேன். ஆனால் நானே போய் உன்னைக் காட்டிக்கொடுக்கவும் என் கை வரவில்லை. நீ பிறந்தபோது உன்னை முதலில் தூக்கியது நான். அப்பா பெல்ட்டை எடுத்தால் உன்னைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு முன்னால் நின்றவள் நான்.

நீயே போய்ச் சொல். உனக்காக உதை வாங்கின மனிதர் உள்ளே இருக்கிறார். காத்திருக்கிறேன்.

அக்கா

—

ஜூன் 24

தம்பிக்கு,

தினம் தபாலைப் பார்த்தேன். உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. நீ போய்ச் சொன்னதாகவும் சேதி இல்லை.

நேற்று இரண்டு பட்டியல்களையும், வெயில் சோதனையையும், உன் பாரத்தையும் விசாரணை அதிகாரிக்கு அனுப்பிவிட்டேன். கண்டுபிடிப்பு என்று எழுதியிருந்த கட்டுரையையும் திரும்ப வாங்கிவிட்டேன். இதை அடுத்தவர் சொல்லி நீ கேட்க வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

—

ஜூலை 12

அன்புள்ள அக்காவுக்கு,

சிறையில் மருத்துவர் பார்த்தார். இடது காதுச் சவ்வு முழுக்கப் போய்விட்டதாம், இனி வராது. மற்றபடி நலம். உன்மேல் கோபம் இல்லை. இருந்தது, இப்போது இல்லை.

நாலு பக்கம் எழுதுகிறவன் என்றாய். இதோ எழுதுகிறேன்.

பன்னிரண்டு மீட்டரில் பஞ்சை அறுத்துக்கொண்டிருந்தேன். பையை மூடும்போது அவன் வெடி போட்டான். சத்தம் கேட்கவில்லை அக்கா. யாரோ என் நெஞ்சை இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து நசுக்கின மாதிரி. காதிலிருந்து சூடாக ஓடியது. மேல் எது, கீழ் எது என்று தெரியவில்லை. வாந்தி எடுத்துக்கொண்டே மேலே வந்தேன். அவன் படகு நம் படகை ஒட்டி நின்றது. மீனை அள்ளிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்து, "மிதந்துட்டியே" என்றான். எனக்கு அது கேட்கவில்லை, வாயசைவில் படித்தேன்.

பையைத் தளத்தில் போட்டேன். கையில் கிடைத்தது அண்ணனுடைய ஸ்பானர். அண்ணன் எஞ்சின் குழிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார், எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, அவருக்கு ஒன்றும் கேட்டிருக்காது. தாவினேன். முதல் அடி தோளில். இரண்டாவது வாயில். மீன்கள் மேலேயே விழுந்தான். அப்போது கையைத் தூக்கினான். அடிக்கத் தூக்கவில்லை, வேண்டாம் என்று தூக்கினான். உள்ளங்கை தெரிந்தது. நான் நிறுத்தியிருக்கலாம். பின்னாலிருந்து ஒரு பிடி வரும் என்று உடம்பு காத்திருந்தது, வரவில்லை. அந்தக் கை மேலேயே அடித்தேன். பிறகு மண்டையில். எத்தனை என்று எண்ணவில்லை. அவனுக்கு ஒரு பெண் குழந்தை இருப்பது நீதிமன்றத்தில்தான் தெரிந்தது.

அவன் படகின் கயிற்றை அவிழ்த்து நீரோட்டத்தில் விட்டேன். ஸ்பானரை அங்கேயே விட்டுவிட்டதுகூடத் தெரியவில்லை. மூன்றே முக்கால் மணி நேரம் தளத்தில் உட்கார்ந்திருந்தேன், பக்கத்தில் உன் பை. அண்ணன் குழியிலிருந்து வந்து, காதில் ரத்தத்தைப் பார்த்துத் துடைத்துவிட்டார். "வெடியா?" என்றார். ஆமாம் என்றேன். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான், நான் எத்தனை தடவை முழுகினேன் என்றுகூடத் தெரியாது.

உன் கடிதம் ஜூன் 5 கிடைத்தது. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மூன்று தடவை காவல் நிலைய வாசல் வரை போனேன். மூன்றாவது தடவை ஜூன் 16. உள்ளே அண்ணனை அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒத்துக்கொள்ளச் சொல்லி. எனக்கு வலது காது நன்றாகக் கேட்கிறது. "நான் பண்ணல, நான் பண்ணல" என்று கத்தினார். பிறகு வார்த்தை இல்லாமல் ஒரு சத்தம். நான் திரும்பி நடந்துவிட்டேன்.

அன்றுதான் அவருக்கு வலது கண் போயிற்று. உன் காகிதங்கள் வந்த பிறகு என்னைக் கூப்பிட்டார்கள், நான் ஒத்துக்கொண்டேன், அவரை விட்டுவிட்டார்கள். வீட்டில் இருக்கிறார்.

இப்படிக்கு, உன் தம்பி

—

ஜூலை 29

அன்புத் தம்பிக்கு,

நீ காதுக்குப் போடும் மருந்தை நிறுத்தாதே. நான் நலம், ஒரு கண்ணாடி உடைந்ததைத் தவிர. அதைத்தான் எழுதுகிறேன்.

உன் கடிதத்தில் ஜூன் 16 என்று படித்ததும் என் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். மே 22 அன்று எனக்குத் தெரியும். ஜூன் 23 அன்று அனுப்பினேன். நடுவில் முப்பத்திரண்டு நாள். ஜூன் 16 பக்கத்தில், தொட்டியில் தண்ணீர் மாற்றினேன், நாளைக்கு அனுப்பலாமா என்று எழுதி அடித்திருக்கிறேன். நீ வாசல் வரையாவது போனாய். நான் தபால் பெட்டி வரைகூடப் போகவில்லை. பாசம் என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டு மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

நேற்று ரயிலேறிப் போய் எஞ்சின் அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டினேன். அவரே திறந்தார். கண்ணில் கட்டு. நான் யார் என்று சொன்னதும், "அடடே, பஞ்சு அக்காவா, உள்ள வாங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "உங்க காகிதம் மட்டும் வரலேன்னா நான் இன்னும் உள்ளதான். உங்களைக் கும்பிடணும்" என்று நிஜமாகவே கையெடுத்தார். அவர் மனைவி பின்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வாயை மூடிக்கொண்டு அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். முடியவில்லை. தேதிகளைச் சொன்னேன்.

முதலில் அவருக்குப் புரியவில்லை. "தெரிஞ்சுமா?" என்றார். ஆமாம் என்றேன். "முப்பத்திரண்டு நாளா?" ஆமாம். விரலை மடக்கி எண்ணினார். ஜூன் பதினாறில் வந்து நின்றார். "அன்னிக்கு நீங்க என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?" என்று கேட்டார். தொட்டியில் தண்ணீர் மாற்றினேன் என்று சொன்னேன்.

அடித்தார். ஒரே அறை. என் மூக்குக்கண்ணாடி சுவரில் போய் விழுந்தது, வாய்க்குள் ரத்தம். நான் கையைத் தூக்கவில்லை. மறுபடி ஓங்கினார். அவர் மனைவி பின்னாலிருந்து ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்துத் தொங்கினாள். "போதுங்க, விடுங்க" என்று கத்தினாள். அவர் அந்தக் கையைத் தன் முகத்துக்கு முன்னால் கொண்டுவந்து, ஒற்றைக் கண்ணால் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தரையில் உட்கார்ந்து குழந்தை போல அழுதார். அடி வாங்கினதற்கு நான் அழவில்லை, அதைப் பார்த்து அழுதேன்.

அந்தக் கை நேற்று வரை ஒருவரையும் அடித்ததில்லை. நீயும் நானும் சேர்ந்து அதற்குக் கற்றுக்கொடுத்துவிட்டோமடா.

உன் அக்கா